குண்டு இல்லாமல் சுடுவது எப்படி? கேள்வி பதில்

குண்டுக்குப் பதிலாக லேசரால் 'சுட்டு'ப் போர்ப் பயிற்சி செய்ய உதவும், அமெரிக்கத் தரைப்படையின் 'மைல்ஸ்' கருவியைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: பயிற்சியில் நிஜக் குண்டே கிடையாதா?

பதில்: கிடையாது, வெற்றுத் தோட்டாதான்; மருந்து வெடிக்கும், குண்டு பாயாது. துப்பாக்கிக் குழலில் மாட்டிய சின்னப் பெட்டி, வெடித்ததை உணர்ந்ததும் 904 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை விடும். சுமார் 700 நானோமீட்டருக்கு மேல் போனால் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. எதிராளியின் தலைக்கவசத்திலும் உடம்பு வார்களிலும் உணரிகள் இருக்கும். கதிர் பக்கத்தில் உரசிப் போனால் 'பீப்' என்று விட்டு விட்டு ஒலிக்கும். பட்டுவிட்டால் சத்தம் நிற்காது. தொடக்கக் கால மைல்ஸ் கருவியில், அதை நிறுத்த வேண்டுமானால், அவர் தன் துப்பாக்கிப் பெட்டியிலிருந்த மஞ்சள் சாவியை எடுத்து உடம்பு வாரில் செருக வேண்டியிருந்தது. சாவி போனதும் அவர் துப்பாக்கி ஊமையாகிவிட்டது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பெல்லாம் யார் செத்தார் என்பதை நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதனால் சண்டை வேறு வரும்.

கேள்வி: ரைபிளை வைத்து டாங்கியை 'அழித்துவிட' முடியுமா?

பதில்: முடியாது. ஒவ்வொரு ஆயுதத்தின் கதிரிலும் தனிச் சங்கேதம் உண்டு. ரைபிளின் சங்கேதத்தை டாங்கி கண்டுகொள்ளாது.

கேள்வி: இதில் குறையே இல்லையா?

பதில்: இருக்கிறது, அதுவும் பெரிய குறை. ஒரு இலை குறுக்கே வந்தாலே கதிர் நின்றுவிடும். நிஜக் குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு போகும். 'புதருக்குப் பின்னால் படுத்தால் பிழைத்தேன்' என்று பழகிய சிப்பாய் போர்க்களத்தில் உயிரை விடுவான். அப்புறம், குண்டு போகும் வழியில் கீழே இறங்கும், லேசர் இறங்காது. ஓடுகிற ஆளுக்குச் சற்று முன்னால் குறி வைக்கும் பழக்கமும் இதில் வராது. அதனால் நிஜத் தோட்டாப் பயிற்சியை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது என்பேன்.

கேள்வி: எங்கே பயன்படுத்துகிறார்கள்?

பதில்: கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வின் தேசியப் பயிற்சி மையத்தில், 1980-களிலிருந்து. பனிப்போர்க் காலத்தில் அங்கே எதிரியாக நின்ற அமெரிக்கப் படை, சோவியத் பாணியில் சண்டை போடும்.

கேள்வி: உடல் வெப்பத்தைக் காட்டும் கேமராவும் இதே அகச்சிவப்புதானா?

பதில்: பெயர் ஒன்று, அலைநீளம் வேறு. வெப்பக் கேமரா பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும் (ஒரு மைக்ரான் என்பது 1000 நானோமீட்டர்). ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆள் அதற்குத் தெரியமாட்டார். மைல்ஸ் கதிரோ கண்ணாடியைத் தாண்டிப் போகும்.

கேள்வி: அந்த லேசர் கண்ணைக் கெடுக்குமா?

பதில்: சக்தி மிகக் குறைவு, பயிற்சித் தூரத்தில் பயமில்லை. ஆனால் பெட்டியின் வாயைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.