விலை பாதிதான், பட்டாவும் இருக்கு... பஞ்சமி நிலம் என்கிறார்களே, வாங்கலாமா?

மதுராந்தகம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறார் வாசகர் ஒருவர். சுற்றுவட்டார விலையில் பாதிதானாம். பத்திரம், பட்டா, வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஊர்ப் பெரியவர் ஒருவர் "அது பஞ்சமி நிலம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முதலில் பழைய பதிவேட்டைப் பாருங்கள்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், நிலமே இல்லாமல் பண்ணையாட்களாகக் கிடந்த தலித் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி அனுப்ப, அதையொட்டி 1892-இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை: பத்து வருஷத்துக்கு விற்கவோ தானம் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்கப்புறம் விற்றாலும் அதே வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு நஷ்டஈடு இல்லாமலே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தாலுகா அலுவலகத்தில் இதை 'டி.சி. நிலம்' (டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு நிலம்) என்பார்கள்.

பிறகு எப்படி இத்தனை கை மாறியது? கடன்தான் முக்கால்வாசி. மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அறுபதுகளில் எழுதின பத்திரமாக இருந்தால் விற்றவரின் சாதியையும் சேர்த்தே எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கை பெருவிரல் ரேகை இருக்கும், கிரயத்துக்குக் காரணம் 'முன் கடன் பைசலுக்காக' என்று போட்டிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற காகிதங்கள் எதுவும் இதைக் காட்டாது. வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றங்கள்தான் வரும், நிலம் முதன்முதலில் என்ன நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டது என்பது வராது. டிடிசிபி மனைப்பிரிவின் வரைபடத்துக்குத்தான் அனுமதி கொடுக்கிறது, உரிமைக்கு அல்ல (புரோக்கர் இதை மட்டும் சொல்லவே மாட்டார்). பட்டாவும் கைகொடுக்காது, ஏனென்றால் 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புக் கணக்கெடுப்பில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது பல ஊர்களில் அந்த நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப்போய், அப்போது நிலத்தைக் கையில் வைத்து அனுபவித்தவர் பெயரிலேயே சுத்தமான பட்டா வந்துவிட்டது. வங்கி லோன் கொடுக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், வங்கி வக்கீல் பெரும்பாலும் முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொள்வார்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, அதாவது ஊரின் சர்வே எண் வாரியான நிலக் கணக்கு. இப்போதைய சர்வே எண்ணுக்குப் பழைய எண் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், உட்பிரிவில் ஏமாந்துவிடக் கூடாது. அந்தப் பழைய எண்ணுக்கான பதிவேட்டு நகலைத் தாலுகா அலுவலகத்திலோ கலெக்டர் அலுவலகப் பதிவறையிலோ கேளுங்கள், இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். குறிப்புக் கலத்தில் டி.சி., பஞ்சமி, நிபந்தனை ஒப்படை என்று எது இருந்தாலும் விலகிவிடுங்கள். "ஐம்பது வருஷ அனுபவம் சார்" என்ற பேச்சை நம்பி வீடு கட்டிவிட்டு நோட்டீஸ் வாங்காதீர்கள்.

நீங்களே பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் வாங்கத் தடை இல்லை, ஆனால் நடுவில் வேறு வகுப்பினர் யாருக்காவது கைமாறி வந்திருந்தால் உங்கள் கிரயமும் சிக்கல்தான்.

சம்பளக்காரர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வாங்க முடியாத காலம் இது, பாதி விலை என்றதும் மனசு போகத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனால் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் இறந்தார்கள்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், நிபந்தனை நிலம் என்று தெரியவந்தால் முழுத்தொகையையும் திருப்பித் தருவதாக விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் தயங்கினால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். அந்தப் பெரியவரிடமும் இன்னொரு தடவை போய், நிலம் முதலில் யார் பெயரில் இருந்தது என்று கேளுங்கள், பதிவறையில் தேடுவதற்கு அந்தப் பெயர் உதவும்.