உங்கள் கவலையைக் கொண்டு போங்கள்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது கொழும்பில் வேலை. லீவில் ஊருக்குப் போனால் பகலில் லயத்து வரிசை வீடுகளே வெறிச்சோடிக் கிடக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் மலைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் அப்பாயியைப் போல வயதானவர்கள் மட்டும் ஆளுக்கொரு காம்பராவில். நானும் நண்பர்கள் சிலரும் மாதம் ஒரு ஞாயிறு போய் அவர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். "சாப்பிட்டீங்களா, கால் வலி எப்படி" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. பழைய கதையைக் கிளறினால் சிலர் அழுகிறார்கள். என்னதான் பேசுவது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் தொடங்கியிருப்பது நல்ல காரியம். பேச்சு நின்றுபோகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கூட ஆள் இல்லாதது ஒரு குறைதான். ஆனால் தன்னிடம் வந்து யாரும் எதையும் கேட்பதில்லை என்ற குறை அதைவிடப் பெரியது. உங்கள் அப்பாயி வயதுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கூடையோடு மலையேறியவர்கள். லயத்தில் பிரசவமோ சாவோ, முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வேலையிலிருந்து நின்று, சேமலாப நிதிப் பணமும் பிள்ளைகளின் கல்யாணத்திலோ கடனிலோ கரைந்த பிறகு அந்தக் கூப்பிடல் மெல்ல நின்றுபோகிறது. சோறு வருகிறது, மருந்து வருகிறது. "இதை எப்படிச் செய்யலாம், சொல்லுங்க" என்று யாரும் வருவதில்லை.

அதனால் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், உங்கள் கவலையைக் கொண்டு போங்கள். கொழும்பில் வாடகை அறையில் இருக்கிற சிரமம், வேலையிடத்தில் பட்ட அவமானம், வீட்டில் பார்க்கிற மாப்பிள்ளை பிடிக்காதது, எதுவானாலும் சரி. உண்மையான கவலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேச வைப்பதற்காகக் கேட்கிற கேள்வியை வயதானவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் ஒடிந்து வருகிறவர்கள் அந்தப் பாட்டியிடம் பேசுவார்கள். வந்தவர்களின் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே பாட்டிதான் துணை கொடுக்கிறவர். எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. முதியவர்களைவிட இளையவர்களிடம் அது அதிகம் என்றும் சொல்கிறது. கொழும்பு அறையில் இருக்கிற உங்களுக்கும் அப்பாயி தேவைதான். அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கவலைக்கு அப்புறம் வேலை. கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) முடிந்த மலையில் முதல் கொழுந்து எடுப்பது எப்படி, தோட்டத்தில் எந்த மலைக்கு என்ன பெயர், மாசியில் காமன் கூத்துக்கு யார் ரதி வேஷம் கட்டினார்கள், எந்தப் பாட்டு எங்கே வரும், சளிக்கு என்ன இலை என்று கேளுங்கள். கேட்டதைச் செய்து பார்த்துவிட்டு, அடுத்த முறை போய், சரியாக வரவில்லையென்றால் வரவில்லை என்றே சொல்லுங்கள். திருத்திச் சொல்வதற்கென்று ஒரு பேச்சு தானாக வரும்.

அழுகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த நம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். கணக்கு அரசாங்கங்களுக்கு. லயத்தில் அது அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறுவதும் தங்கை இங்கேயே நிற்பதுமாக நடந்தது. அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையாக அழுதவர்கள்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு 1977, 1983 கலவரங்கள் வேறு. அழுகையை நிறுத்த அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருங்கள். அன்றைக்கு அடுத்த கேள்வி வேண்டாம், போனில் பதிவு செய்வதும் வேண்டாம். நீலகிரிப் பக்கம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கிற அக்கா குடும்பத்தைத் தேட முடியுமா என்று அவரே கேட்டால், தேடிக் கொடுங்கள். வீடியோவில் முகம் பார்க்க வைப்பது உங்கள் தலைமுறையால் சுலபமாக முடிகிற காரியம்.

ஞாயிற்றுக்கிழமையை மாற்றப் பாருங்கள். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். வெறுமை கனக்கிற நேரம் வேலை நாட்களின் பகல்தான். அந்த நேரத்துக்குப் பொருத்தமானவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற தோட்டத்துப் பிள்ளைகள். இரண்டு பேராகப் போகட்டும், கூட்டமாக வேண்டாம். ஒரே பெரியவரிடம், ஒரே கிழமையில். நீங்கள் கொழும்பிலிருந்து சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போன் பண்ணுங்கள். காது மந்தமானவர் என்றால் இருட்டுக் காம்பராவில் பேசாமல் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு அழைத்து வந்து, வெளிச்சத்தில் உங்கள் வாய் அவருக்குத் தெரியும்படி உட்காருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சாப்பாட்டை வெறுத்து, தூக்கமில்லாமல், "நான் ஏன் இன்னும் இருக்கேன்" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதைக் கிழவி புலம்பல் என்று தள்ளாதீர்கள். வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு நீங்களே பேசி, என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.

அன்புடன்.