இரண்டு மேற்கோள் குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பயன்படுத்தும் டெக்ஸ்ட் எடிட்டரின் கையேட்டில், ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லா டெக்ஸ்ட் கோப்புகளிலும் ஒரே திருத்தத்தைச் செய்ய ஒரு ஷெல் கட்டளை (டெர்மினலில் தட்டுவதை இயக்கும் நிரலுக்கானது) தந்திருக்கிறார்கள். ஃபார் லூப் ஒன்று கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எடிட்டரிடம் கொடுக்கும். பெயரில் ஸ்பேஸ் உள்ள கோப்புகள் மட்டும் மாறவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. லூப்பில் கோப்பின் பெயரைத் தாங்கி வரும் மாறியான ‘டாலர் ஃபைல்’ ($file) என்பதை டபுள் கோட்ஸுக்குள் போட்டதும் சரியாகிவிட்டது. இந்த இரண்டு குறிகளுக்காக எடிட்டர் குழுவுக்கு எழுதுவதா? பெயரில் ஸ்பேஸ் வைத்தது உன் தப்பு என்று சொல்லிவிட மாட்டார்களா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவசியம் எழுதுங்கள். தப்பு உங்களுடையது இல்லை, கட்டளையுடையது.

கோட்ஸ் இல்லாத மாறியின் மதிப்பை ஸ்பேஸ், டேப், புதுவரி வரும் இடங்களில் பாஷ் என்ற ஷெல் துண்டாக்கிவிடும். ‘கூட்டம் குறிப்பு’ என்ற ஒரே பெயர் எடிட்டரிடம் ‘கூட்டம்’, ‘குறிப்பு’ என்று இரண்டாகப் போய்ச் சேரும். இல்லாத கோப்பைத் திறப்பது எடிட்டருக்குப் பிழையே அல்ல, புதுக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ‘குறிப்பு’ என்ற பெயரில் ஏற்கெனவே வேறொரு கோப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதில் திருத்தம் இரண்டு முறை நடந்துவிடலாம். அந்த ஃபோல்டரை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். கையேட்டில் இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை, அப்படியே காப்பி செய்து ஓட்டுவார்கள். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

எழுதியவர் சோதிக்காமலே போட்டுவிட்டார் என்றும் முடிவுகட்ட வேண்டாம். இசட்-ஷெல் என்ற இன்னொரு ஷெல் வழக்கமாக இப்படித் துண்டாக்காது. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து மேக் கணினிகளில் புதுப் பயனர்களுக்கு அதுதான் இயல்பான ஷெல். அங்கே இதே கட்டளையை டெர்மினலில் நேரடியாகத் தட்டினால் ஒழுங்காக ஓடும். ஆகவே உங்கள் கடிதத்தில் எந்த ஷெல் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கூடவே ஒரு மாதிரிக் கோப்புப் பெயர், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. அவ்வளவு போதும்.

முடிந்தால் திருத்தத்தையே பேட்ச்சாக, அதாவது எந்த வரி எப்படி மாற வேண்டும் என்று காட்டும் கோப்பாக, அனுப்புங்கள். விம் போன்ற எடிட்டர்களில் உதவிப் பக்கங்கள் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக மூல நிரலோடுதான் இருக்கின்றன, மாற்றுவது சுலபம். அதே லூப் கையேட்டில் வேறெங்காவது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். ஆனால் இதுதான் சாக்கென்று பக்கம் முழுவதையும் திருத்தி எழுதாதீர்கள், படித்துப் பார்த்து ஏற்பவருக்கு வேலை கூடிவிடும்.

அப்புறம், ஹைஃபனில் தொடங்கும் பெயர்களைக் கோட்ஸ் காப்பாற்றாது, எடிட்டர் அதை ஆப்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். லூப்பில் கோப்புப் பெயர்களைக் குறிக்க வரும் நட்சத்திரக் குறிக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் அதுவும் தீரும். அதைத் தனித் திருத்தமாக அனுப்பலாம்.

அனுப்பும் முன் நீங்கள் போட்ட கோட்ஸ் நேரானவைதானா என்று பாருங்கள். வேர்ட் பிராசசர் வழியாகப் போனால் வளைந்துவிடும், வளைந்த குறியை ஷெல் சாதாரண எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.