வகுப்பறையில் தோற்ற நாடகம்

கேள்வி: அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் மாணவராக இருந்தபோது எழுதிய 'ஸ்பிரிங் ஸ்டார்ம்' நாடகத்தைத் தமிழில் போட ஆசைப்படுகிறோம். "அவருடைய வாத்தியாருக்கே பிடிக்காத நாடகம். பக்குவமில்லாத காதல் கதை. அவருடைய 'தி கிளாஸ் மெனாஜரி' போடுங்கள்" என்கிறார் எங்கள் சார். என்ன செய்யலாம்?
- ஒரு கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை, கேரளம்

பதில்: 'ஸ்பிரிங் ஸ்டார்ம்' போடுங்கள்.

சார் சொல்வதில் பாதி சரி. 1937-38இல் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்தபோது எழுதியது. வகுப்பில் வாசித்தார், பேராசிரியர் மேபிக்குப் பிடிக்கவில்லை. 1983இல் வில்லியம்ஸ் இறக்கும்வரை மேடையேறவில்லை, 1999இல்தான் புத்தகமானது. ஆனால் 2010இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் இதை நடித்தார்கள். அதையும் சார் சொல்லியிருக்க வேண்டும்.

பக்குவமில்லாத காதல் என்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நாடகமே அதைப் பற்றியதுதான். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். ஹெவன்லிக்கு டிக் மேல் ஆசை; அவனுக்கோ ஆற்றுவேலைக்குப் போகத் துடிப்பு. பரம்பரைப் பெருமையை விடாத அவள் அம்மாவுக்கு, பணக்கார வீட்டு ஆர்தரே மாப்பிள்ளையாக வேண்டும். அந்த ஆர்தரை மனசுக்குள் நேசிப்பவள் நூலகத்தில் வேலை பார்க்கும் ஹெர்த்தா. ஒரு ராத்திரி குடித்துவிட்டு நூலகத்துக்கு வரும் ஆர்தர் அவளை முத்தமிடுகிறான், உடனேயே உதறியும் விடுகிறான். அவள் ரயில் முன் விழுந்து சாகிறாள். இரண்டு ஆண்களும் ஊரைவிட்டுப் போய்விட, ஹெவன்லி தனியாக மிஞ்சுகிறாள்.

இதை எழுதும்போது வில்லியம்ஸுக்கு 26 வயது. நடுவில் அப்பா படிப்பை நிறுத்தி செருப்புக் கம்பெனி வேலையில் சேர்த்துவிட்டதால்தான் அந்த வயதிலும் மாணவர். 1944இல் மேடையேறிய 'மெனாஜரி', வீட்டைவிட்டுப் போனவன் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை. 'ஸ்பிரிங் ஸ்டார்ம்' இன்னும் உள்ளேயே சிக்கியிருப்பவன் எழுதியது. உங்கள் வயதுக்காரர்களால் எதை உண்மையாக நடிக்க முடியும்?

ஹெர்த்தாவை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். 'மெனாஜரி'யில் வரும் லாரா என்ற பெண்ணுக்கு அவள் ஒத்திகை என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதட்டும். மேடையில் அவள் யாருக்கும் ஒத்திகை இல்லை. பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் புண்ணியத்தில் உங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை (நூலகம்) இருக்கிறது. அங்கே புத்தகம் எடுத்துத் தருகிற அக்காவிடம், புத்தகத்தின் பெயரைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறோம்? நாள் முழுக்க எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்திருந்தும் யார் கண்ணிலும் படாமல் போவதுதான் ஹெர்த்தாவின் துக்கம். அவளை அழுமூஞ்சியாக்கிவிடாதீர்கள். அறிவும் கற்பனையும் உள்ள பெண் அவள். மேடையேறியதும் அது தெரிந்தால்தான் அவள் சாவு உறைக்கும்.

ஊரையும் பெயர்களையும் மாற்ற வேண்டாம். மிசிசிப்பியாகவே இருக்கட்டும், உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். அம்மாவை சினிமா வில்லி ஆக்காதீர்கள். மகள் கரையேற வேண்டுமே என்ற பயம் அவளுக்கு நிஜமானது. நீளமான வசனங்கள் உண்டு, சார் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் கத்தரிப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் உரிமைதாரரின் அனுமதி வேண்டும். காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலில் பதிப்பாளருக்கு ஒரு மெயில் போடுங்கள், அப்புறம் ஒத்திகை.