"மலேசியா செட்" என்று விற்ற கைப்பேசி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மலேசியாவில் உணவகத்தில் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது என்றும், இணையச் சந்தையில் 899 ரிங்கிட்டுக்கு வாங்கிய கைப்பேசியின் திரை நான்காம் மாதத்திலேயே இருண்டுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். விற்றவர் "கடை வாரண்டி ஒரு மாதம்தான்" என்று கைவிரித்துவிட்டார். ஈப்போவிலுள்ள சேவை மையமோ கைப்பேசியின் அடையாள எண்ணைச் சரிபார்த்து, "இது மலேசியா செட் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டது. வேலை அனுமதியில் வந்தவன் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கேள்வி.

செய்ய முடியும். இந்நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைச் சொந்தப் பயனுக்கோ வீட்டுப் பயனுக்கோ வாங்குகிறவரைத்தான் பயனீட்டாளர் என்கிறது. அவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. நீங்கள் கேட்பது உங்கள் பணத்தைத்தான். இது குடிநுழைவுத் துறை சம்பந்தப்பட்ட விவகாரமன்று. ஆகவே பெர்மிட்டுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

"மலேசியா செட்" என்றால் இந்நாட்டு அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்த கைப்பேசி. வேறு வழியாக இறக்குமதியாகி வருவதை இங்கே "ஏபி செட்" என்பார்கள். விலை சற்றுக் குறைவாக இருக்கும், ஆனால் தயாரிப்பாளரின் வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது, கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான். ஏபி செட் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதில் ஏமாற்று இல்லை. உங்கள் விற்பனையாளரோ விளம்பரத் தலைப்பிலேயே மலேசியா செட் என்று எழுதியிருந்தார் என்கிறீர்கள். உங்கள் வழக்கின் உயிர்நாடியே அந்த ஒரு வரிதான். பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 34ஆம் பிரிவும், ஏற்கத்தக்க தரத்தோடு இருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவும் சொல்கின்றன. அந்தத் தரத்தில் நியாயமான காலம் உழைப்பதும் அடங்கும். "ஒரு மாதம்தான்" என்று விற்றவர் தாமாக எழுதிக்கொண்டதால் இவை இல்லாமல் போய்விடா, ஏனெனில் சட்டத்தை மீறி எந்த ஒப்பந்த வாசகமும் நிற்காது என்று 6ஆம் பிரிவு கூறுகிறது. செயலியில் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று வரும் அறிவிப்பும் அப்படித்தான்: அது அந்தச் சந்தை தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கெடு, சட்டம் வைத்த கெடு அன்று.

ஆகவே இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விளம்பரப் பக்கத்தை விற்பனையாளர் எந்த நேரமும் மாற்றிவிடலாம். உங்கள் ஆர்டர் விவரத்தைத் திறந்து, தலைப்பு, விலை, தேதி, விற்பனையாளரின் பெயர் எல்லாம் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். சேவை மையத்தில் வாய்மொழியாகச் சொன்னதை ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டு வாங்க முடிந்தால் அது பெரிய பலம். பட்டணத்துக் கடைத்தெருவில் திரையை மாற்றிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியார் ஒருமுறை திறந்துவிட்டால் பழுது யாரால் வந்தது என்ற வாதம் தொடங்கிவிடும்.

இந்தப் பாடத்தை நான் ஒரு மாவரைக்கும் கிரைண்டரிடம் கற்றேன். சிவகங்கைப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்த எனக்கு, மாமனார் தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்து ஆட்டுக்கல்லே பல ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. பிறகுதான் இணையத்தில் 480 ரிங்கிட் கொடுத்து இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்றை வாங்கினேன். ஐந்தாம் மாதம், உளுந்து பாதி அரைபட்டிருக்கும்போது பாத்திரம் சுழலாமல் நின்றது. மோட்டார் மட்டும் உறுமியது, ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. விற்றவர் முதலில் "மோட்டாருக்கு மட்டும்தான் வாரண்டி" என்றார். மோட்டார்தான் போயிற்று என்று காட்டியதும், கல்லோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருந்த அதை என் செலவில் கூரியரில் கிள்ளானுக்கு அனுப்பச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது, கும்பிடும் கரடிப் படம் ஒன்று பதிலாக வந்தது.

அங்கே நான் செய்த தவறுகள் இரண்டு. கோபத்தில் வாய்க்கு வந்தபடி எழுதினேன். அந்த வரிகளையெல்லாம் பின்னாளில் அவர் தரப்பு விசாரணைக்கு அச்செடுத்துக்கொண்டு வந்தது. இன்னொன்று, அவர் அழைத்தாரென்று செயலியின் உரையாடலை விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போனேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் அங்கே எழுதியது மறுநாள் பார்த்தபோது "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று மட்டும் நின்றது. நீங்கள் செயலியை விட்டு வெளியே போகாதீர்கள்.

அதன் பிறகு மலாய் மொழியில் ஆறே வரியில் ஒரு கடிதம் எழுதினேன்: வாங்கிய தேதி, விலை, பழுதான தேதி, பழுது என்ன, எனக்கு வேண்டியது என்ன, எத்தனை நாளுக்குள். உங்கள் மலாய் போதாதென்றால் கூச்சப்படாமல் உடன் வேலை செய்யும் ஒருவரிடம் கேளுங்கள். இந்த ஊரில் தமிழும் மலாயும் ஒருசேர எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பதினான்கு நாள் கெடு கொடுங்கள். பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் நிலையில் நானாக இருந்தால் பணத்தையே கேட்பேன். மலேசியா செட் அல்லாததைப் பழுதுபார்த்துக் கொடுத்தாலும் அது மலேசியா செட் ஆகப் போவதில்லை.

கெடு கடந்தால் இரண்டு வாசல்கள் உள்ளன. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுத்தால் அதிகாரிகள் விற்பனையாளர்மீது விசாரணை நடத்தலாம், தண்டம் விதிக்கவும் வழி உண்டு, ஆனால் உங்கள் 899 ரிங்கிட் உங்கள் கைக்கு வருவதற்கான வாசல் பயனீட்டாளர் நடுவர் மன்றம். அங்கே கோரிக்கையைப் பதிய 5 ரிங்கிட்தான் கட்டணம்; போராங் 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், இணையத்திலும் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கிறது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிந்தாக வேண்டும். அதற்காக மூன்று ஆண்டு இருக்கிறதே என்று தாமதிக்காதீர்கள், பழுதான பொருளை நிராகரிக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது கைநழுவிவிடும்.

படிவத்தில் உங்கள் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண் தேவைப்படும். கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொருவரின் கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது இங்கே பல முதலாளிகளுக்கே தெரிவதில்லை. அதைவிட முக்கியம் விற்பனையாளரின் உண்மையான பெயரும் முகவரியும். கடையின் புனைபெயரை வைத்து யாரிடமும் வழக்காட முடியாது. இணையத்தில் விற்கிறவர் தம் பெயர், நிறுவனப் பதிவு எண், முகவரி ஆகியவற்றைத் தெரிவித்தாக வேண்டும் என்று விதியே உண்டு. செயலியில் இல்லையென்றால் பார்சல்மீது ஒட்டிய சீட்டைப் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் சந்தை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று தெரியவந்தால் மட்டும் இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். தீர்ப்புக் கிடைத்தாலும் அதை அங்கே நிறைவேற்றுவது கடினம்.

விசாரணை என்றதும் சினிமாவில் காணும் நீதிமன்றத்தைக் கற்பனை செய்யாதீர்கள். வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. என் கிரைண்டருக்காக ஈப்போவுக்குப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் மன்றத் தலைவர், இந்தப் பக்கம் நானும் விற்பனையாளரின் ஆளும் அமர்ந்தோம். எரிந்துபோன கிரைண்டரையே ஒரு துணிப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பையைத் திறந்ததும் கருகல் வாசம் அறையில் பரவ, தலைவர் அந்த ஆளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விற்பனையாளரின் ஆள் அங்கேயே 480 ரிங்கிட்டையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அது தீர்ப்பாகவே எழுதப்பட்டது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், 10,000 ரிங்கிட் வரை தண்டமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம் என்பதால், பன்னிரண்டாம் நாள் பணம் கணக்கில் விழுந்தது. விற்பனையாளர் தரப்பில் யாரும் வராமலிருந்தாலும் மன்றம் தீர்ப்பளித்திருக்கலாம். நீங்கள் போகாவிட்டாலோ உங்கள் கோரிக்கை தள்ளுபடியாகும். ஆகவே விசாரணைத் தேதி தெரிந்த உடனே உணவகத்தில் விடுப்பை எழுதி வாங்கிவிடுங்கள்.

கைப்பேசியின் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள சீட்டில் எண் இருக்கும். அதை வைத்துத்தான் சேவை மையம் இது மலேசியா செட் இல்லை என்று சொல்லியிருக்கும். அந்தச் சீட்டையும் விளம்பரத் தலைப்பையும் ஒரே தாளில் அருகருகே அச்செடுத்து, கடிதத்தோடு இணையுங்கள். கடிதத்தின் முதல் வரைவை எழுதி முடித்ததும் அனுப்பிவையுங்கள், மலாயைத் திருத்தித் தருகிறேன்.