மதிலுக்கு அந்தப் பக்கம் போகிற தண்ணீர்

கேள்வி: அண்ணா, மட்டக்களப்பு கல்லடியில் 20 பேர்ச் வளவு வாங்கிக் குடிவந்து எட்டு வருடமாகிறது. முந்தி எவ்வளவு மழை பெய்தாலும் அன்றைக்கே வற்றிவிடும். இப்போது சுற்றிவர வீடும் மதிலும், வீதியையும் கொங்கிரீட் போட்டு உயர்த்திவிட்டார்கள். போன மார்கழியில் குசினிப் படிவரை தண்ணீர், மூன்று நாள் நின்றது. பக்கத்து வளவுக்காரர் கிரவல் (சரளை மண்) அடித்து உயர்த்திவிட்டார். நாங்களும் அடிக்கவா?
- ஒரு வாசகி

பதில்: கிரவலுக்குக் காசு கொடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி. 20 பேர்ச் என்றால் ஏறக்குறைய 506 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை (நம்முடைய மாரிக்கு இது ஒரு நாள் வேலை) பெய்தால் 50,000 லீற்றர், அதாவது கூரைக்கு மேல் வைக்கிற ஆயிரம் லீற்றர் தாங்கி ஐம்பது! முந்தி பக்கத்து வெறுங்காணியெல்லாம் சேர்ந்து அதைக் குடித்தது. இப்போது அங்கே சீமெந்து முற்றம். மணல் நிலம்தானே, ஊறிவிடும் என்று நினைக்காதீர்கள், மார்கழியில் கிணற்றுத் தண்ணீரே மேலே வந்துவிடும், பிறகு எங்கே ஊறுவது? நீங்கள் உயர்த்தினால் அடுத்த வளவு குளமாகும், அவரும் உயர்த்துவார், கடைசியில் கிரவல் லொறிக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் மட்டம் பாருங்கள். மேசன்மார் வைத்திருக்கிற தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உங்கள் முற்றத்திலும் மறுமுனையை வீதி வடிகானிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து கீழே அளந்தால் முற்றம் பள்ளமா, வடிகானின் அடி பள்ளமா என்று பத்து நிமிடத்தில் தெரியும். வடிகானின் அடி மேலே இருந்தால் அதை எத்தனை தரம் துப்பரவாக்கியும் உங்களுக்குப் பிரயோசனமில்லை, அதை ஆழமாக்கித்தான் கட்ட வேண்டும். அந்த அளவையும், மழை நேரத்தில் எடுத்த படங்களையும் வைத்து, வீதியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஐப்பசி பிறக்க முதலே சபையில் கொடுங்கள். தனி ஆளாய்ப் போய் நான் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.

இன்னொன்று, வடிகான் சரியாக இருந்தாலும் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்து மட்டக்களப்பு வாவி நிரம்பிவிட்டால் தண்ணீர் திரும்பித்தான் வரும். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு விட்ட பிறகுதான் இறங்கும். 2011 தை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே வளவை விட்டுவிட்டு, குசினி வாசற்படியையும் மலசலகூடக் குழியின் மூடியையும் மட்டும் உயர்த்திக்கொள்ளுங்கள். வெள்ளம் வற்றியதும் கிணற்றை இறைத்துக் குளோரின் போடாமல் குடிக்க வேண்டாம்.

கேள்வி: கடை வாசலில் வடிகானுக்கு மேல் ஒரேயடியாக கொங்கிரீட் போட்டு மூடலாமா?
- கல்முனை வாசகர்

பதில்: வேண்டாம். சொப்பிங் பையும் இளநீர்க் கோம்பையும் உள்ளே அடைத்தால் எப்படி எடுப்பீர்கள்? இரண்டு பேர் தூக்கக்கூடிய சின்னச் சின்ன சிலாப்பாக, கம்பிக் கொளுக்கி வைத்துப் போடுங்கள்.