குதிகால் எலும்பில் மூன்றுக்குப் பதில் இரண்டு பரப்பு: எலும்பு பழுதா?

உடற்கூறு படிக்க உங்களுக்குத் தந்த குதிகால் எலும்பில், புத்தகத்தில் உள்ளதுபோல் மூன்று மூட்டுப் பரப்புகள் இல்லாமல் இரண்டுதான் இருந்தால் அது பழுது இல்லை, மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டாம். புத்தகப் படத்தில் தாலஸை (குதிகால் எலும்பின்மேல் அமரும் கணுக்கால் எலும்பு) தாங்கும் மூட்டுப் பரப்புகள் முன், நடு, பின் என மூன்றாகத் தனித்தனியே இருக்கும். உங்கள் எலும்பில் முன்னதும் நடுவும் ஒட்டிப்போய் ஒரே நீளப் பரப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்திய எலும்புகளில் இந்த வகைதான் அதிகம்; ஐரோப்பியர்களிடம் தனித்தனி வகை கூடுதல். படம் வரைந்தவர் கையில் எந்த எலும்பு இருந்ததோ!

உள்பக்கம் நீட்டியிருக்கும் சஸ்டென்டாகுலம் திட்டின்மேல் விரலை வைத்து முன்னோக்கி நகர்த்துங்கள். வழவழப்பு அறுபடாமல் போனால் ஒட்டிய வகை. இடையில் சொரசொரப்பான கோடு தட்டினால் தனி வகை. நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருப்பதை மட்டும் பார்த்துத் தனி வகை என்று ஏமாறாதீர்கள்.

1965இல் பன்னிங், பார்னெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கருவிலுள்ள சிசுக்களின் எலும்புகளையும் பார்த்தார்கள். அங்கேயும் இதே வகைகள்தான். ஆகவே குந்தி உட்காரும் பழக்கத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டால், தட்டைப்பாதத்துக்கு எலும்பை நீட்டும் அறுவையில் முன், நடுப் பரப்புகளுக்கு இடையே வெட்டுவார்கள், ஒட்டிய வகையில் அந்த இடைவெளியே கிடையாது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.